ஒரே புல்தரையில் இரண்டு பலகைகள்

2020ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நான் மெய்ன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு வடக்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். பெருந்தொற்றால் அலுவலகமே வீட்டுக்குள் வந்துவிட்ட ஆண்டு அது. மாலை நடைதான் வெளியுலகத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு. தெரு முழுக்கத் தேர்தல் பலகைகள் முளைத்திருந்த அந்த நாட்களில், எதிர்வீட்டுப் புல்தரையில் மட்டும் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பலகைகள் நின்றன. ஒன்று ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடனைக் குடியரசுத் தலைவராக்கச் சொன்னது. மற்றொன்று குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸை மீண்டும் செனட்டுக்கு அனுப்பச் சொன்னது. கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில் இருந்தவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டு பலகைகளையும் நட்டவர் அவரே.

நெடுங்காலம் செனட்டராக இருக்கும் ஒருவரைப் புதிதாக வந்த போட்டியாளரால் வீழ்த்த முடியுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் புல்தரைதான் நினைவுக்கு வருகிறது. காலின்ஸ் ஆறாவது முறையாகக் களம் காணும் 2026 நவம்பர் நெருங்குவதால் கேள்வி மறுபடியும் எழுந்திருக்கிறது. எனக்கு அங்கே வாக்குரிமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேடிக்கை பார்ப்பவனின் கருத்து என்றே இதைக் கொள்ளலாம்.

அந்த ஆண்டு காலின்ஸ் தோற்பார் என்றுதான் ஏறத்தாழ எல்லோரும் எழுதினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2018 அக்டோபரில் பிரெட் கவனாவை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்குவதற்கு ஆதரவாக அவர் செனட்டில் முக்கால் மணி நேரம் நின்று பேசியதையும், மறுநாள் அந்த நியமனம் 50-க்கு 48 என்ற கணக்கில் நிறைவேறியதையும், அதுவரை அவருக்கு வாக்களித்துவந்த ஜனநாயகக் கட்சிப் பெண்கள் பலரால் மன்னிக்க முடியவில்லை. அவரை எதிர்த்து யார் நிற்பார் என்பதே முடிவாகாத நிலையில், 'யாரோ ஒருவருக்காக' இணையத்தில் சுமார் 40 லட்சம் டாலர் சேர்ந்தது. பிறகு மாநிலப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் சாரா கிடியன் வேட்பாளரானார். அவர் திரட்டிய தொகை 7 கோடி டாலரைத் தாண்டியது. காலின்ஸ் திரட்டியது சுமார் 3 கோடி. மொத்தம் 8 லட்சத்துச் சொச்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் இவ்வளவு பணம். வெளிவந்த கருத்துக்கணிப்புகளில் ஏறக்குறைய அனைத்திலும் கிடியனே முன்னிலையில் இருந்தார்.

முடிவு நேர்மாறாக வந்தது. காலின்ஸ் 51 சதவீதமும் கிடியன் 42 சதவீதமும் பெற்றனர். மெய்னில் விருப்ப வரிசை முறையில் வாக்களிக்கிறார்கள். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் இருப்பவர்களின் வாக்குகளை அடுத்த விருப்பத்தின்படி பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கே இடமில்லாமல் முதல் சுற்றிலேயே காலின்ஸ் பாதியைக் கடந்துவிட்டார். அதே நாளில், அதே மாநிலத்தில், பைடன் 9 புள்ளிகள் வித்தியாசத்தில் டிரம்பைத் தோற்கடித்திருந்தார். எதிர்வீட்டு ஆசிரியையைப் போலப் பிரித்துக் குத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒழிய இந்தக் கணக்கு வராது. 2016, 2020 ஆகிய இரண்டு தேர்தல்களையும் சேர்த்துப் பார்த்தால், குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சி வென்ற மாநிலத்தில் செனட் இடத்தை வென்றவர் அமெரிக்கா முழுவதிலும் காலின்ஸ் ஒருவர்தான்.

கிடியனிடம் செலவழிக்கப்படாமல் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மிஞ்சியது. இந்தத் தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்த தகவல்களில் மிகவும் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் அந்தப் பணம் எப்படிச் செலவானது என்பதை நான் இரவுதோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஆறு மணிச் செய்திக்கு நடுவே விளம்பர இடைவேளை வந்தால் கிடியன் வருவார், அவரைத் தொடர்ந்து காலின்ஸைத் தாக்கும் வெளி அமைப்பு ஒன்றின் விளம்பரம் வரும், பிறகு காலின்ஸ் வருவார், மறுபடியும் கிடியன். வானிலை அறிவிப்பு வரும்வரை ஒலியை அடைத்துவைப்பது பழக்கமாகிவிட்டது. இந்த நச்சரிப்பின் நடுவில் ஒரே ஒரு விளம்பரத்துக்கு மட்டும் ஒலியைக் கூட்டியதாக ஆசிரியை சொன்னார். மெய்னின் ஊர்களையும் காடுகளையும் ஏரிகளையும் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் காட்டிவந்து ஓய்வுபெற்ற பில் கிரீன், காலின்ஸுக்காகப் பேசிய விளம்பரம் அது. வேறு மாநிலத்தவர் எவருக்கும் அந்த முகம் யாருடையது என்றே தெரியாது. மெய்னில் அது வீட்டு மனிதரின் முகம்.

அந்த மாநிலத்தில் பிறக்காதவர்களைக் குறிக்க மெய்ன் மக்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. 'வெளியிலிருந்து வந்தவர்' என்பார்கள். நம் ஊர்களில் 'பிழைக்க வந்தவர்' என்று சொல்லும்போது குரலில் ஏறும் அதே தொனி அதிலும் ஏறும். நாற்பது ஆண்டுகள் குடியிருந்தாலும் அந்தப் பட்டம் உதிராது. சாரா கிடியன் ரோட் ஐலண்டில் பிறந்தவர். தந்தை இந்தியாவிலிருந்து குடியேறிய மருத்துவர், தாய் ஆர்மீனிய வழிவந்தவர். மெய்னுக்கு வந்து சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காலின்ஸோ வடகோடியில் கனடா எல்லையை ஒட்டிய அரூஸ்டுக் மாவட்டத்துக் கேரிபூ என்ற சிற்றூரில் மரவணிகக் குடும்பத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் வழக்கமுள்ள பகுதி அது. அவருடைய தாயும் தந்தையும் ஆளுக்கொரு காலத்தில் அந்த ஊரின் மேயராக இருந்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்காட்டக் காலின்ஸ் தரப்பு தயங்கவில்லை. இந்தியத் தகப்பனின் மகளை 'வெளியார்' என்று சுட்டும் பேச்சு எனக்கு உவப்பாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கிடியன் தோற்றதற்கு அவர் பிறந்த ஊர் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பணம் பிறந்த ஊர்தான் காரணம். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள் அள்ளிக் கொடுத்த அந்தப் பணம், ஒவ்வொரு இடைவேளையிலும் தன்னையறியாமல், காலின்ஸ் நம் வீட்டுப் பெண், எதிரே நிற்பது நாடு என்று பேசிக்கொண்டே இருந்தது. அவ்வளவு செலவழித்துக் காலின்ஸை உள்ளூர்க்காரராக நிறுத்தி வைத்தவர்கள் அவருடைய எதிரிகளே.

போதாக்குறைக்கு, கிடியன் சபாநாயகராக இருந்த மாநிலச் சட்டமன்றம் அந்த மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கலைந்தது; பிறகு அந்த ஆண்டுத் தேர்தல்வரை கூடவில்லை. காலின்ஸ் அதே காலத்தில் சிறு தொழில்களுக்குச் சம்பளப் பணம் கொடுக்கும் கூட்டாட்சித் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவராக இருந்தார். சிங்கி இறால் கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் அந்தப் பணம் கைக்கு வந்தது. தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஏமி கோனி பாரட்டின் நியமனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டரும் காலின்ஸ்தான். நியமனம் எப்படியும் 52-க்கு 48 என்று நிறைவேறிவிட்டது. தேவைப்படாத நேரத்தில் மட்டும் எதிர்ப்பார் என்று அவரைப் பழிப்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழியில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சி 49-க்கு 51 என்று விழுந்தபோது, அதை விழவைத்த மூன்று குடியரசுக் கட்சி வாக்குகளில் ஒன்று அவருடையது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு, வேரூன்றிய செனட்டரை அசைக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடலாம். அதே நாற்காலியின் வரலாறு அப்படி முடிவுகட்ட விடுவதில்லை. காலின்ஸ் இன்று அமர்ந்திருக்கும் இடத்தில் 1949 முதல் 1973 வரை இருந்தவர் மார்கரெட் சேஸ் ஸ்மித். ஜோசப் மெக்கார்த்தி ஆளுக்காள் துரோகிப் பட்டம் கட்டிக்கொண்டிருந்த 1950இல், தன் கட்சிக்காரராயினும் அவருடைய போக்கைக் கண்டித்துச் செனட்டில் எழுந்து பேசிய பெண்மணி. தொடர்ந்து 2,941 வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். 1968இல் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்தபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. பள்ளி மாணவியாக வாஷிங்டனுக்குப் போன காலின்ஸ் அவரைச் சந்தித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1997இல் பதவியேற்றது முதல் வாக்கெடுப்பைத் தவறவிடாமல் இருக்கும் அவருடைய வைராக்கியமும் அங்கிருந்து வந்ததுதான் என்று தோன்றுகிறது.

அந்த மார்கரெட் சேஸ் ஸ்மித் 1972இல் தோற்றார். வென்றவர் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஹாத்தவே, மாநிலத்தின் வடபாதியிலிருந்து கீழவைக்குப் போயிருந்தவர். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆண்டுக் காற்று ஸ்மித்தின் பக்கம் வீசிற்று என்பதே. அதே வாக்குச்சீட்டில் அவருடைய கட்சியின் நிக்சன் மெய்னில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். எனவே கட்சி அவரைக் கவிழ்க்கவில்லை. அவருக்கு 74 வயது. உடல்நலம் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. மாநிலத்துக்குள் ஊழியர்களோடு ஓர் அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை என்ற குறை எதிரிகளின் வாயில் ஓயாமல் ஒலித்தது. வாஷிங்டனில் ஒரு வாக்கெடுப்பையும் விடாமல் உட்கார்ந்திருந்ததையே, ஊருக்கு வராததற்கான சான்றாகவும் படிக்க முடிந்தது. அதே நவம்பரில் டெலவேரில், விருப்பமில்லாமல் மூன்றாம் முறை நின்ற காலிப் பாக்ஸை, 29 வயது ஜோ பைடன் சுமார் 3,000 வாக்குகளில் வீழ்த்தினார். அங்கேயும் நிக்சன் வெகு எளிதாக வென்றிருந்தார். வேர் உள்ளுக்குள் உலர்ந்து சாயும் மரத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசினால் என்ன?

இன்னொரு விதச் சாய்வு உண்டு. மரம் நன்றாகத்தான் இருக்கும், வெள்ளம் கொண்டுபோய்விடும். 2006இல் ரோட் ஐலண்டில் லிங்கன் சேஃபி தோற்றது அப்படித்தான். குடியரசுக் கட்சியில் இருந்துகொண்டே இராக் போருக்கு எதிராக வாக்களித்தவர் அவர். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அவருடைய பணியைப் பாராட்டினார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்திருந்தார்கள். மனிதர் நல்லவர், ஆனால் அவர் உள்ளே போனால் செனட் புஷ்ஷின் கட்சி கையில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2024இல் மொன்டானாவின் ஜான் டெஸ்டருக்கும் ஒஹையோவின் ஷெரோட் பிரவுனுக்கும் நடந்ததும் இதுவே. டெஸ்டர் பிக் சாண்டியைச் சேர்ந்த விவசாயி; சிறுவயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் சிக்கி இடக்கையின் மூன்று விரல்களை இழந்தவர். அவரைவிட மண்ணின் மைந்தர் ஒருவரை மொன்டானாவில் தேடிப் பிடிக்க முடியாது. அவரைத் தோற்கடித்த டிம் ஷீஹி மினசோட்டாவிலிருந்து வந்தவர். டிரம்ப் சுமார் 20 புள்ளிகளில் வென்ற மாநிலத்தில் டெஸ்டர் 7 புள்ளிகளில்தான் தோற்றார்; டிரம்ப் 11 புள்ளிகளில் வென்ற ஒஹையோவில் பிரவுன் 4 புள்ளிகளுக்கும் குறைவாகவே பின்தங்கினார். இருவரும் தங்கள் கட்சியைவிட நன்றாகவே நீந்தினார்கள். கரைதான் அவர்கள் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. 'வெளியிலிருந்து வந்தவர்' என்ற கேள்வியை அங்கே எவரும் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் அந்தத் தேர்தல் மொன்டானாவைப் பற்றியதாகவே இல்லை.

ஆகவே, போட்டியாளருக்கு வலு இருக்கிறதா என்று கேட்பதைவிட, வாக்காளர் அந்தத் தேர்தலை யாருடைய காரியமாக எடுத்துக்கொள்கிறார் என்று கேட்பதுதான் பயன் தரும் என்று நினைக்கிறேன். சொந்த வீட்டுக் காரியம் என்று எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்துபோகிற பழைய செனட்டரை அசைப்பது கடினம்; வரப்போக மறந்தவராக இருந்தால் எளிது. நாட்டுக் காரியம் என்று எடுத்துக்கொண்டால், வந்துபோனவரா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த அளவுகோலை 2026க்கு வைத்துப் பார்க்கையில், காலின்ஸ் இதுவரை நின்ற ஐந்து தேர்தல்களில் ஒன்றுகூட இதுபோல் இருந்ததில்லை என்பது தெரிகிறது. 1996இல் முதன்முதலில் 49 சதவீதத்தோடு தட்டுத்தடுமாறி வென்றார். (இரண்டு முறைக்கு மேல் நிற்க மாட்டேன் என்று அப்போது சொன்னதை எதிரிகள் ஆறாண்டுக்கு ஒருமுறை தூசி தட்டி எடுக்கிறார்கள்.) குடியரசுத் தலைவர் பதவிக்காலத்தின் நடுவில் வந்த 2002 தேர்தலின்போது அவருடைய கட்சியின் புஷ்ஷுக்கு நாட்டில் நல்ல செல்வாக்கு. 2014இல் வெள்ளை மாளிகையில் இருந்தவர் ஒபாமா. காலின்ஸ் 68 சதவீதம் அள்ளினார். 2008, 2020 இரண்டும் குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டுகள். மேலே ஒருவருக்கும் கீழே ஒருவருக்கும் என்று பிரித்துக் குத்தி மனத்தைச் சமன்செய்துகொள்ள வழி இருந்தது. 2026இல் அந்த மேல்வரிசை இல்லை. டிரம்ப் மீது கோபம் இருந்தால் அதைக் காட்ட மெய்ன் வாக்காளருக்கு வாக்குச்சீட்டில் அகப்படும் பெரிய பெயர் காலின்ஸ் மட்டுமே. புல்தரையில் இரண்டு பலகைகளுக்கு இடமில்லை.

கவனாவின் கணக்கும் 2020இல் பாதிதான் வந்திருந்தது. கருக்கலைப்பு உரிமைக்கான பழைய தீர்ப்பு நிலைத்த சட்டம் என்று கவனா தன்னிடம் உறுதியளித்ததாகக் காலின்ஸ் நம்பினார். 2022 ஜூனில் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தவர்களில் கவனாவும் ஒருவர். அதற்குப் பிறகு காலின்ஸ் வாக்காளர் முன் நிற்பது இதுவே முதல் முறை.

மறுபக்கம், காத்திருந்து காத்திருந்து 2025 ஜனவரியில் அவர் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானார். மெய்னைப் பொறுத்தவரை இது வெறும் பட்டமல்ல. ஒன்றாம் எண் சாலையில் பாத் நகரைக் கடக்கும்போது கென்னபெக் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளத்தின் பெரிய பளுதூக்கி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். கடற்படைக்கு நாசகாரிக் கப்பல்கள் கட்டும் அந்தத் தளத்தின் வேலைகள் வாஷிங்டன் ஒதுக்கும் பணத்தில் ஓடுபவை. தென்கோடியில் கிட்டரியில் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமும் அப்படியே. மூத்த செனட்டர் வேண்டும் என்பதற்கு மெய்னில் சொல்லப்படும் பழைய காரணம் இதுதான். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை டிரம்ப் நிர்வாகம் தன் போக்கில் நிறுத்திவைத்ததும், ஏற்கெனவே ஒதுக்கியதில் சுமார் 900 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா 2025 ஜூலையில் காலின்ஸின் எதிர்ப்பையும் மீறி நிறைவேறியதும் அந்தக் காரணத்தைச் சற்று ஆட்டிவிட்டன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து அகப்பை கைக்கு வந்த நேரத்தில், சட்டியை வேறொருவர் இறக்கிக்கொண்டு போகிறார்.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 2020இலிருந்து ஒன்றைக் கற்றிருக்கிறார்கள் என்பது இந்த முறை முன்வந்தவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. 2025 ஆகஸ்டில் களத்துக்கு வந்த கிரகாம் பிளாட்னர், கடலில் சிப்பி வளர்க்கும் முன்னாள் போர்வீரர். அக்டோபரில் அறிவித்த ஜேனட் மில்ஸ், இருமுறை மாநிலம் முழுவதும் வென்ற ஆளுநர்; அந்த ஆண்டு பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் டிரம்புக்கு முகத்துக்கு நேரே, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம் என்றவர். இருவரில் எவரையும் 'வெளியிலிருந்து வந்தவர்' என்று தள்ள முடியாது. வயதைப் பேசுபவர்களுக்குத்தான் திண்டாட்டம். ஸ்மித் தோற்றபோது 74, 2026 நவம்பரில் காலின்ஸுக்கு 74 ஆக ஒரு மாதம் இருக்கும், மில்ஸுக்கு 78. முதியவர் என்று சொல்லி இன்னும் முதியவரைக் கொண்டு எப்படி எதிர்ப்பது என்று உள்ளூர்க் கட்சிக்காரர்களே தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

என்னைக் கேட்டால், காலின்ஸை வீழ்த்த முடியும்; 2020ஐவிட இப்போது வாய்ப்பு கூடுதல். ஆனால் அது போட்டியாளர் எவ்வளவு குறைவாக நாட்டைப் பேசி எவ்வளவு கூடுதலாகப் பாத், கேரிபூ, கிட்டரியைப் பேசுகிறார் என்பதில் இருக்கிறது. கோபத்தை வாக்காளரே கொண்டுவருவார். அதை 7 கோடி டாலர் கொடுத்து விளம்பரத்தில் கொண்டுவரத் தேவையில்லை. மறுபடியும் ஆறு மணிச் செய்தியின் ஒவ்வொரு இடைவேளையும் வெளியூர்ப் பணத்தால் நிரம்புமானால், பந்தயம் கட்டச் சொன்னால் நான் காலின்ஸ் பக்கம்தான் கட்டுவேன்.

2025 செப்டம்பரில் அந்தப் பக்கம் போனபோது ஆசிரியையைப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் பறித்த தக்காளி ஒரு பை நிறையக் கொடுத்தார். செடிகளுக்கு முட்டாக நட்டிருந்த கம்பிச் சட்டங்கள் இரண்டு, அந்தப் பழைய பலகைகளின் சட்டங்கள்தான். அட்டை போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன என்றார். இந்த முறை யாருக்கு என்று கேட்டேன். ஜூனில் உட்கட்சித் தேர்தல் முடியட்டும், தக்காளியை எடுத்த பிறகு ஒரு சட்டம் போதும் என்று சொல்லிவிட்டு, எந்தப் பெயருக்கு என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டார்.